பின்னால் இழுத்துக் கட்டினால் போட்ட பணம் திரும்புமா?

நீங்கள் கேட்டிருப்பது, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒற்றைமாடி வரிசை வீட்டை, இருபுறமும் வீடுகள் ஒட்டிய நடுவீட்டை, 60,000 ரிங்கிட்டில் எப்படி விரிவாக்குவது என்பது. மனையின் அளவு 20க்கு 70 அடி. பின்னால் மிச்சமிருக்கும் 10 அடியையும் அகலம் முழுக்க மூடி ஒரு குசினியும் நான்காவது படுக்கையறையும் எடுப்பது, முன்னால் கார் நிற்கும் போர்ச்சைச் சுவர் வைத்து அடைத்து ஹாலைப் பெரிதாக்குவது, இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்றுவிட்டு ஈப்போவில் பிள்ளைகளுக்கு அருகில் போய்விடுவது என்று திட்டம் வைத்திருக்கிறீர்கள். அறைகளை எப்படி அடுக்குவது என்று எழுதியிருந்தாலும், போடுகிற 60,000இல் விற்கும் நாளில் எவ்வளவு கைக்குத் திரும்பும் என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் கட்டட வரைவாளன். கோலகங்சார், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 24 ஆண்டுகளாக இதுபோன்ற வீடுகளுக்குப் பிளான் வரைந்து வருகிறேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஈப்போவில் ஒரு சொத்து மதிப்பீட்டாளருக்கு டேப் பிடிக்கும் உதவியாளனாக இருந்தேன். பொறியியலாளன் அல்லன் என்பதால், தூண், அடித்தளம் பற்றி நான் சொல்வதைக் கட்டுமானப் பொறியியலாளர் ஒருவர் நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே செயல்படுத்துங்கள்.

முதலில் விலை எப்படி அமைகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டின் அமைப்பும் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். நம்மைப் போன்ற ஊர்களில் வீடு வாங்குவோரில் பெரும்பாலோர் வங்கிக் கடனில் வாங்குகிறார்கள். விற்கும் விலை, மதிப்பீட்டாளர் தரும் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான் வங்கி கடன் கணக்கிடும். மதிப்பீட்டாளரோ உங்கள் செலவுச் சீட்டைக் கேட்பதில்லை; அதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), முடிந்தால் அதே வரிசையில், அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையை எடுத்து, உங்கள் வீட்டில் கூடுதலாக என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று ஏற்றி இறக்கிக் கணக்கிடுகிறார். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. உங்கள் வரிசையில் வீடுகள் 220,000க்குப் போகின்றன என்று வையுங்கள். நீங்கள் 60,000 போட்டுக் கட்டிவிட்டு 270,000 கேட்கிறீர்கள். மதிப்பீட்டாளர் 230,000 என்று எழுதிவிட்டார் என்றால், 90 விழுக்காடு கடன் கிடைக்கும் ஒருவருக்கு வங்கி தருவது 207,000. மீதி 63,000ஐ அவர் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் அதற்கு மேல். அவ்வளவு ரொக்கம் கையில் இருப்பவர் நம் ஊர் இடைவீட்டைத் தேடி வருவது அரிது. அவர் மூலைவீடோ ஈப்போவில் வேறொன்றோ பார்ப்பார். ஆகவே உங்கள் விலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதை உங்கள் வரிசைதான் வைத்திருக்கிறது. வரிசையில் ஏற்கெனவே விரிவாக்கிய வீடு எதுவும் நல்ல விலைக்குப் போயிருக்கிறதா என்று கட்டத் தொடங்குவதற்கு முன்பே கேட்டறிவது, எந்தப் பிளானையும்விட உங்களுக்குப் பயன்படும்.

அந்த மதிப்பில் உங்கள் விரிவாக்கம் இடம்பெற வேண்டுமானால் அது அனுமதியோடு கட்டியதாக இருக்க வேண்டும். இது ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. இருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டுவதும் அதில் அடங்கும். மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் சிறைக்குப் போனவரை நான் பார்த்ததில்லை, இடிப்பு நோட்டீஸ் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். விற்பனைக்கு வந்த இடத்தில்தான் அனுமதியின்மை அதிகம் கடிக்கிறது: மதிப்பீட்டாளர் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மதிப்பிடலாம், அறிக்கையில் அனுமதி இல்லாத விரிவாக்கம் என்று ஒரு வரி எழுதலாம், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வங்கி தயங்கலாம். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருவதால் பிளானை அங்கேதான் கொடுக்க வேண்டும். எல்லையை ஒட்டிக் கட்டும்போது பக்கத்து வீட்டாரின் ஒப்புதல் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடன் உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது, மண் கொட்டிய பிறகு அல்ல.

இனி அமைப்புக்கு வருகிறேன். இருபுறமும் அடைபட்ட 20 அடி வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வருவதற்கு முன், பின் என்று இரண்டே வாய்கள் உண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பின் படுக்கையறையின் ஜன்னலும் குளியலறையின் சிறு ஜன்னலும் ஒரே பக்கத்தில், பின்முற்றத்தைப் பார்த்துத் திறக்கின்றன. 10 அடியையும் அகலம் முழுக்க மூடினால் அந்த இரண்டு ஜன்னல்களும் புதிய அறைக்குள் திறக்கும். இதை நான் என் சொந்த வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறேன். 2009இல் பின்புறம் முழுவதையும் மூடினேன், இடம் கிடைத்த மகிழ்ச்சியில் அறை அறையாகப் பிரித்தேன். அன்றிலிருந்து எங்கள் பின் அறையில் பகல் பதினொரு மணிக்கும் விளக்கு எரிகிறது. மழை பெய்த வாரத்தில் அலமாரியில் மடித்து வைத்த வேட்டியில் பூஞ்சணம் பூக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குப் பிளான் வரைபவன் தன் வீட்டில் செய்த பிழை இது. மனைவி இன்றும் அதை நினைவூட்டத் தவறுவதில்லை. வீடு பார்க்க வருபவர் சதுர அடியை அளப்பதில்லை. நடு அறையில் நின்று சுவிட்சைத் தேடினால், அந்த நொடியிலேயே மனத்தில் விலையைக் குறைத்துவிடுகிறார்.

யுபிபிஎல் என்று எல்லாரும் சொல்லும் 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகளும் இதைத்தான் எண்ணில் சொல்கின்றன. வாழும் அறை ஒவ்வொன்றுக்கும் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத ஜன்னல் வெளிச்சமும், 5 விழுக்காட்டுக்குக் குறையாத காற்றுத் திறப்பும் வேண்டும். இரண்டு மாடி வரையிலான வீட்டில் உள்முற்றம் விட்டு வெளிச்சம் எடுப்பதானால் அது 7 சதுர மீட்டருக்குக் குறையாமலும், அகலம் 2.5 மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இந்த அளவை உங்கள் பின்புறத்தில் பொருத்திப் பாருங்கள். 10 அடி என்பது 3.05 மீட்டர். ஜன்னல்கள் இருக்கும் பக்கத்தில் 2.5 மீட்டர், அதாவது ஏறத்தாழ எட்டேகால் அடி அகலத்தைத் திறந்த முற்றமாக விட்டால் 7.6 சதுர மீட்டர் கிடைக்கிறது, விதிக்குள் அடங்குகிறது. மீதி பதினொன்றே முக்கால் அடி அகலத்தில், இப்போதைய குசினிக்கு நேர் பின்னால், பெரிய சமையலுக்கான ஈரக் குசினி ஒன்றை எடுக்கலாம். சுவர்க் கனம் போக ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல் நிற்கும். குசினிக்குக் குறைந்தபட்சம் 4.5 சதுர மீட்டர் போதும் என்பதால் இது தாராளம். பெரிய சட்டியை வைத்து ஐம்பது பேருக்குச் சமைக்கும் வீடுகளுக்கும் போதுமான இடம். பழைய குசினி சாப்பாட்டு இடமாக, கறை படாத சிறு வேலைகளுக்கான இடமாக மாறிவிடும். முற்றத்தில் துணி காயப்போடலாம். மேலே கம்பிக் கிரில் போட்டுக்கொள்ளுங்கள், கூரை போடாதீர்கள். ஒளி புகும் பாலிகார்பனேட் தகடுதானே என்று எந்தக் குத்தகையாளராவது சொல்வார். அதைப் போட்ட மறுநாளே வெப்பமும் அடுப்புப் புகையும் அறைக்குள் தங்கும். முழுவதும் மூடுவதைவிட இப்படிக் கட்டுவதில் கூரையும் தரையும் ஐந்தில் இரண்டு பங்கு குறைகின்றன. செலவு அதே விகிதத்தில் குறையாது, குழாயும் கபினெட்டும் எப்படியும் உண்டு, ஆனாலும் கணிசமாகக் குறையும்.

அப்படியானால் நான்காவது படுக்கையறை என்ன ஆவது என்று கேட்பீர்கள். என் கருத்து, அதை விட்டுவிடுங்கள். விதிப்படி கூடுதல் படுக்கையறை 6.5 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும், மேலே சொன்ன ஜன்னலும் வேண்டும். முற்றமும் குசினியும் போக உங்கள் பின்புறத்தில் அதற்கு இடமில்லை; ஜன்னல் இல்லாமல் திணித்தால் விளம்பரத்தில் நான்கு அறை என்று எழுதலாம், மதிப்பீட்டாளர் அதைப் பண்டக அறை என்றுதான் குறிப்பார். இந்த வட்டாரத்தில் நான் பார்த்த வரை, மூன்று அறை வீட்டை நான்கு அறையாக்கியதைவிட, ஒரு குளியலறையை வயதானவர்கள் வழுக்காமல் புழங்கும்படி அகலப்படுத்தியது வாங்குபவரின் கண்ணில் அதிகம் பட்டிருக்கிறது. தோட்டத்து லயத்தை விட்டுப் பிள்ளைகளோடு தாமானுக்கு வந்துவிட்ட தாத்தா பாட்டிகள் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இது என் அனுபவத்திலிருந்து சொல்வது, கணக்கெடுப்பு அல்ல.

போர்ச்சை அடைப்பதை நான் உறுதியாகத் தடுப்பேன். இரண்டு கார்கள், மூன்று மோட்டார் சைக்கிள்கள் என்று இருக்கும் வீடுகள் நிறைந்த தெருவில், கூரைக்கடியில் கார் நிற்கும் இடத்தை ஒழித்துவிட்டு ஹாலை நீட்டிய வீட்டைக் காட்டினால், வருபவர் முதலில் கேட்பது கார் எங்கே நிற்கும் என்றுதான். வீதியிலிருந்து பின்வாங்க வேண்டிய கட்டடக் கோட்டையும் அது மீறும், அனுமதி கிடைப்பது கடினம்.

அடுத்ததாக, உங்கள் பின்முற்றத்தின் நடுவில் சிமெண்ட் மூடி ஒன்று இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான். பழைய தாமான்களில் பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத இடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மலக்குழித் தொட்டி உண்டு. குழாய் உள்ள இடங்களில் அந்த மூடி ஆய்வுத் துவாரமாக இருக்கலாம். இரண்டில் எது என்று மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரிடமும் கேட்கலாம். தொட்டி என்றால் அதைச் சேறு எடுக்கக் குழாய் எட்டும்படி திறந்த வெளியில் விட்டாக வேண்டும், அதன் மேல் அடுப்பு மேடை வரக்கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டைப் பார்க்க வாங்குபவரோடு போயிருந்தேன். புதிய குசினி, பளபளக்கும் டைல், நேர்த்தியான வேலை. குளிர்பதனப் பெட்டி இருந்த மூலையில் மட்டும் டைலின் இணைப்புக் கோடு கொஞ்சம் கருத்திருந்தது, மெல்லிய வாடை வந்தது. பெட்டியை நகர்த்தச் சொன்னோம். அடியில் மூடியின் மேலேயே டைல் ஒட்டியிருந்தார்கள். திறப்பதற்கு ஒரு கைப்பிடிகூட இல்லை. வாங்க வந்தவர் சுவரோரம் நின்று மூக்கைச் சுருக்கிக்கொண்டே, "ஐயா, வேறு வீடு பார்ப்போம்" என்றார். நல்ல வேளையாக, உங்கள் மூடி ஜன்னல்கள் உள்ள பக்கத்துக்குச் சற்றே நகர்ந்திருந்தால் நான் சொன்ன முற்றத்துக்குள் அது விழுந்துவிடும். சரியாக எங்கே இருக்கிறது என்று சுவரிலிருந்து அளந்து எழுதி வையுங்கள், முற்றத்தின் அகலத்தை அதற்கேற்ப ஒரு முழம் கூட்டலாம்.

அடித்தளம் பற்றிச் சுருக்கமாக. வீட்டின் பழைய பகுதி எத்தனையோ ஆண்டுகளாக அமர்ந்து உறுதிப்பட்டுவிட்டது; புதிதாகச் சேர்ப்பது இனிமேல்தான் அமரும். இரண்டையும் இரும்புக் கம்பியால் இறுக்கிப் பிணைத்தால் இணையும் இடத்தில் சுவர் பிளக்கும். பத்து சென் காசு உள்ளே விழுந்துவிடும் அளவுக்குப் பிளந்த சுவரை நான் பார்த்திருக்கிறேன். காசைச் செருகிப் பார்த்தவன் நான்தான், திரும்ப எடுக்க முடியவில்லை. இந்த வட்டாரத்தில் ஈயம் தோண்டி நிரப்பிய நிலமும் களிமண்ணும் கலந்து கிடப்பதால், தரைத் தளத்தை வெறுமனே மண்மேல் வார்த்துவிட்டுப் போகும் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தாழ்வான ஈரநிலமானால் பக்காவ் எனும் சதுப்புநில மரக் கம்பு அடிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த மரம் நிலத்தடி நீருக்குக் கீழே நனைந்தே கிடந்தால்தான் கெடாது, நீர்மட்டம் இறங்கி ஏறும் இடத்தில் தலை அழுகிப்போகும். எந்த மண் என்று பொறியியலாளர் பார்த்து முடிவு செய்யட்டும். பழைய கூரையும் புதிய கூரையும் சேரும் இடத்தில் தகர மடிப்பும் மழைநீர்க் கால்வாயும் உங்கள் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். பின்சந்து வடிகாலின் மேல் படியோ மேடையோ கட்டாதீர்கள், பின்கதவையும் அடைக்காதீர்கள்.

வாங்குபவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் தெருவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரும் இருக்கிறார்கள், வாங்க வருபவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். சுவரோடு சேர்த்துப் பளிங்கில் நிரந்தரச் சாமி மேடை கட்டியிருந்தால், வேறு சமயத்தவர் அதை எடுத்துவிடத் தயங்குவார், நம்மவருக்கோ திசை ஒத்துவராமல் போகலாம். நகர்த்தக்கூடிய அலமாரியாகச் செய்து வைத்துக்கொண்டால் போகும்போது சாமியும் உங்களோடு வரும். அடுப்பு அக்கினி மூலையில் வர வேண்டும் என்பாரும், வாசற்கதவும் பின்கதவும் நேர்கோட்டில் இருக்கக் கூடாது என்பாரும் உண்டு. இவற்றுக்காகச் சுவரை இடிக்க வேண்டாம், செலவில்லாமல் அமையுமானால் அமைத்துவிடுங்கள்.

கெரானை, அதாவது நிலப் பட்டாவை, எடுத்து ஒரு முறை படியுங்கள். நிரந்தர உரிமையா, குத்தகை நிலமா, குத்தகை என்றால் எத்தனை ஆண்டுகள் மீதி, விற்பதற்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு எதுவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த விலை வீடுகளில் இந்தக் கட்டுப்பாடு அடிக்கடி வரும். ஒப்புதல் வாங்கும் மாதங்களையும் உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். வரியைப் பொறுத்தவரை, குடிமக்கள் வீட்டை வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. இந்தக் காலம் வீட்டை வாங்கிய தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, விரிவாக்கிய தேதியிலிருந்து அல்ல. உங்கள் திட்டப்படி நீங்கள் நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டில் விற்கிறீர்கள். ஓராண்டு பொறுத்தால் வரியே இல்லாமல் போகலாம். பொறுக்க முடியாவிட்டால், குடியிருப்பு வீடு ஒன்றுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் விலக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்த விரும்பாவிட்டாலும், மதிப்பைக் கூட்டுவதற்காகச் செய்த, விற்கும்போது வீட்டில் நிலைத்திருக்கும் கட்டுமானச் செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம். அதற்கு ரசீது வேண்டும். ரொக்கத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று ரசீது கொடுக்காத குத்தகையாளர் உண்மையில் எவ்வளவு தள்ளுபடி தருகிறார் என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, 60,000ஐ எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் அத்தனையும் போட மாட்டேன். அனுமதி, பிளான், அடித்தளம், கூரை இணைப்பு ஆகியவற்றுக்குக் குறைக்காமல் கொடுப்பேன். குளியலறைக்கும் மின்கம்பி மாற்றத்துக்கும் ஒதுக்குவேன். பின்பு உங்கள் வரிசையில் விரிவாக்கிய வீடு எத்தனை ரிங்கிட் கூடுதலாகப் போனது என்று கேட்டு வந்த தொகைக்கு மேல் கணக்குப் போகிறதா என்று பார்த்து, போனால் அங்கேயே நிறுத்துவேன். நீங்கள் விலைப்பட்டியலில் காட்டியிருக்கும் 14,000 ரிங்கிட் கபினெட்டை வாங்க மாட்டேன். வாங்குபவர் தம் விருப்பப்படி மாற்றுவது முதலில் அதைத்தான். சிமெண்ட் மேடை எழுப்பி டைல் ஒட்டி, கீழே அலுமினியக் கதவு போட்டால் போதும். வெள்ளைக் கறையானும் ஏறாது.